மாரா காட்டில் காக்காய்க்கு வைத்த சோறு

எனக்குக் கோர்வையாக எழுத வராதுங்க. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகை லிஸ்ட்டுதான். எழுத்து மேலும் கீழுமாகப் போகும். சொல்ல வந்ததை நடுவில் மறந்துவிட்டு வேறு எங்கேயோ போய் நிற்பேன். படிக்கிறவர்கள் சித்தே பொறுத்துக்கொள்ளோணும். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கு எழுதுவதே மேல் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

பீளமேட்டில் நான் வேலை பார்த்த டூர் ஆபீசில் கவிதா என்று ஒரு பொண்ணு இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தது. ஆப்பிரிக்காவுக்குக் காட்டு மிருகம் பார்க்கப் போகிறவர்கள் நோய்நொடி இல்லாமல் எப்படித் திரும்பி வருவது என்று கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் தமிழில் அடித்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சமையல்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம்.

"மயிலக்கா, நீங்க இத்தன வருசம் போய்ட்டு வந்தவங்க. ஏதாச்சும் உட்டுப்போயிருந்தா எழுதிக் குடுங்க" என்றது.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கொசு இருந்தது, தண்ணீர் இருந்தது, ஜீப்பில் எழுந்து நிற்கக் கூடாது என்று இருந்தது. எல்லாம் சரிதான். காக்காச் சோறு மட்டும் அதில் இல்லை. அது எப்படி இருக்கும்? அந்தத் தாளை எழுதினவர்கள் நம்ம ஊர்க்காரர்கள் இல்லையே.

நான் முதலில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தேன். அங்கே சாப்பிட வந்த இப்ராகிம் பாய்தான் என்னை டூர் ஆபீசுக்குக் கூட்டி வந்தார். கோட்டைமேட்டுக்காரர். எங்கள் கம்பெனியின் ஆப்பிரிக்கா டூருக்கெல்லாம் அவர்தான் மேனேஜர். நம்ம ஆட்கள் இரண்டு நாள் ரசம் இல்லாமல் இருந்தால் மூன்றாம் நாள் சிங்கமே எதிரில் வந்தாலும் பார்க்க மாட்டார்கள். அதனால் கூடவே ஒரு சமையல் ஆளையும், பருப்பு, புளி, பொடி வகைகளையும் கொண்டுபோய்விடுவது எங்கள் கம்பெனி வழக்கம். அங்கே முகாமில் எங்களுக்கென்று ஒரு சமையல் கூடாரம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். அப்படிப் பதினோரு வருசம் போய்வந்தேன். ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்காதவள் நான். முதல் தடவை ஏரோப்பிளேனில் ஏறியபோது இறங்கும் வரைக்கும் கண்ணையே திறக்கவில்லை.

போவதற்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா வந்து சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டு ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொப்புளம் விட்டுக் கொதிக்க வேண்டும். ஆறவைத்து மூடி போட்ட கேனில் ஊற்றுவேன். பல் விளக்கவும் அந்தத் தண்ணீர்தான். பச்சை வெங்காயம், வெட்டிவைத்த பழம் கிடையாது. வாழைப்பழமோ ஆரஞ்சோ அவரவர் கையால் உரித்துத் தின்ன வேண்டும். கூடார வாசலில் சோப்பும் தண்ணியும் வைத்திருப்பேன். கை கழுவாதவர்களுக்கு நான் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டேன். கரண்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பேன். அவர்களே எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மலேரியா மாத்திரை என் பொறுப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால், சாப்பிட்டு முடித்த கையோடு தட்டிலேயே வைத்துவிடுவேன். டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். நாங்கள் வாங்கிப்போகும் மாத்திரையை ஊருக்குத் திரும்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுவார்கள். "சூடுங்க, வாயெல்லாம் வெந்துபோச்சுங்க" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஊருக்கு வந்து காய்ச்சல் அடித்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக ஆப்பிரிக்கா போய்வந்தேன் என்று சொல்லச் சொல்லி அனுப்புவோம்.

எனக்கு ரொம்பக் கூச்சமான வேலை, பையைச் சோதிப்பது. கூடாரத்துக்குள் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. வாசனைக்குக் குரங்கு வரும், அதைவிடப் பெரியதும் வரும். ஆனால் நம்ம பெண்கள் முறுக்கு இல்லாமல் பஸ் ஏற மாட்டார்கள், பிளேன் ஏறுவார்களா? நான் ஒரு பெரிய டப்பாவை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போவேன். "ஏனுங்க, ஏதாச்சும் இருந்தா போட்டுருங்க" என்பேன், தரையைப் பார்த்துக்கொண்டே. ஒரு அம்மணி, "உண்டியல் கொண்டுட்டு வந்துட்டாங்கடி" என்று சொல்லிச் சிரித்தார். ஆனாலும் தேங்காய் பர்பியைப் போட்டார். டப்பாவைப் பூட்டி என் கூடாரத்தில் வைத்து, கேட்கிற நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பேன்.

இப்ராகிம் பாய் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஜீப் கிளம்பும் முன்னால் உதட்டை அசைத்துத் தலை எண்ணுவார். என்ன சொன்னாலும் முதலில் "சரி" என்பார், பிறகுதான் இல்லை என்பார். ஏதாவது பெரிய விசயம் என்றால் கையில் இருக்கிற பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைப்பார். தப்பு யாருடையது என்று மட்டும் அவர் கேட்கவே மாட்டார். "அத ஏர்ப்போர்ட்ல பேசிக்கலாம்" என்பார். ஏர்ப்போர்ட்டில் அதைப் பற்றிப் பேச்சே வராது.

இனி நாச்சிமுத்தண்ணன் விசயத்துக்கு வருகிறேன்.

காரமடைப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர். அப்போது அறுபத்தெட்டு வயது. மகன் செந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பையனுக்கு லீவு கிடைத்த நாளாகப் பார்த்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கென்யாவில் மாரா என்கிற காட்டில் மாட்டுக்கூட்டம் மாதிரி ஒரு மிருகம் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டும். அது நம்ம ஆடி மாதத்தில்தான்.

பெரியவர் நல்ல பேச்சுக்காரர். முதல் நாளே யானைக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஏம் மயிலு, எங்க தோட்டத்துல யானை வந்தா பட்டாசு போட்டுத் தொரத்தறோம். இங்க காசு குடுத்துக் கும்படறாங்க. தெரிஞ்சிருந்தா நானும் வாழையப் புடுங்கிப்போட்டு டிக்கெட்டு போட்டிருப்பேன்" என்றார். சாப்பாட்டுக் கூடாரமே சிரித்தது.

மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. டிக்கெட் போட்ட மகனுக்கு அது தெரியவில்லை. ஆபீசிலும் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையில் எல்லோரும் ஜீப்பில் போனார்கள். பெரியவர் மட்டும் தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலையில் ஈரம் சொட்ட, வேட்டி கட்டிக்கொண்டு என் சமையல் கூடாரத்துக்கு வந்தார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. பிரித்தால் எள்ளும் தர்ப்பையும்.

"எங்கய்யன் போனதுல இருந்து ஒரு ஆடி அமாவாசை தவறுனதில்ல மயிலு. பேரூர் ஆத்துக்குப் போயிட்டு வந்து, காக்காய்க்கு வெச்சுட்டுத்தான் கையில சோறு எடுப்பேன். இங்க ஆறு இருக்குது, எறங்குனா மொதலை புடிச்சுக்கும். அதான் பாத்ரூம்லயே தண்ணி உட்டாச்சு. சோறு மட்டும் ஒரு கைப்புடி வடிச்சுக் குடு" என்றார். எங்கள் பக்கத்தில் ஐயன் என்றால் அப்பா.

"சாப்பாட்டு சாமான் வெளிய போகக் கூடாதுங்ணா. இங்க சட்டமுங்க."

"நான் திங்கறதுக்கா கேக்கறேன்? எங்கய்யனுக்குக் கேக்கறேன்."

நான் அவர் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் நடுங்கியது. நெற்றியில் வேர்வை. அங்கே காலையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர், அந்தக் குளிரில் வேர்வை. அவர் சர்க்கரைக்காரர். வழக்கம்போல எழுந்ததும் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன்.

"காக்கா எடுக்காம பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது" என்று தள்ளிவிட்டார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? முகாம் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், பாய்க்குப் போன் போடச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் சீக்கிரம் ஒரு பிடி சோறு வடிக்க வேண்டும், அதைச் சீக்கிரம் காக்கா எடுக்க வேண்டும், இவர் சாப்பிட வேண்டும் என்பதுதான். பெரியவர்கள் ஒன்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. "சரிங்ணா" என்றேன்.

அரிசியும் பருப்பும் வெந்ததும் வாழைக்காய்ப் பொரியலோடு ஒரு தட்டில் வைத்தேன். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு தட்டைக்கல் இருந்தது. அதைக் கழுவிவிட்டு, சோற்றை உருட்டி எள்ளைத் தூவி அவர் வைத்தார். "கா, கா" என்று கூப்பிட்டார். அவர் குரல் எடுபடாததால் நானும் கூப்பிட்டேன். ஊரில்கூட நான் அவ்வளவு சத்தமாக யாரையும் கூப்பிட்டதில்லை.

நைரோபியில் நெஞ்சு வெள்ளையாக, பனியன் போட்ட மாதிரி ஒரு காக்கா உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முகாமில் அந்தக் காக்காகூட இல்லை. நீலமாக ரெண்டு குருவி வந்து தூரமாக உட்கார்ந்தது. பெரியவர் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கூடாரத்தின் மேலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. முகம் கறுப்பு, உடம்பு சாம்பல் நிறம், பெரிய உருவமில்லை. நேராகச் சோற்றுக்கு வந்தது. நாச்சிமுத்தண்ணன் தோளில் இருந்த துண்டை வீசி, "போ, அக்கட்டால போ" என்றார். நம்ம மருதமலைப் படியில் எல்லோரும் செய்வது அதுதானே. அங்கே துண்டைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. துண்டோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக் கடித்துவிட்டு, சோற்றை அள்ளிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது.

வலது கையில் பெருவிரலுக்குப் பக்கத்துச் சதையில் இரண்டு பல் பட்டிருந்தது. கொஞ்சம் ரத்தம், மணிக்கட்டில் ஒரு கீறல். அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குரங்கு கிளையில் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எடுத்துக்கிச்சு மயிலு. காக்காயா வந்தா என்ன, கொரங்கா வந்தா என்ன. எங்கய்யனும் இப்படித்தான், சோறு வெக்க நேரமானா வெடுக்குன்னு கடிச்சு வெச்சுருவாரு" என்று சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். நடுக்கம் நின்றது, வேர்வையும் நின்றது.

நான் அஞ்சறைப்பெட்டியில் இருந்து ஈரோட்டு மஞ்சள்தூளை எடுத்துக் குழைத்துக் காயத்தில் அப்பி, துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டேன். ஊரில் அரிவாள்மணை வெட்டினாலும் அதுதான், நாய் பிறாண்டினாலும் அதுதான். கை தானாகப் போய்விட்டது.

"பாய்கிட்டச் சொல்லிப்போடாத. எம்பையனுக்குத் தெரிஞ்சா பொக்குனு போயிருவான், ஐயன் நாளு தெரியாம டிக்கெட்டு போட்டுட்டமேன்னு. நாளைக்கு ஆத்தத் தாண்டறது வேற பாக்கோணுமாம். கல்லு குத்துச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

"சரிங்ணா" என்றேன். மறுபடியும் அதே வார்த்தை.

அவர் போய்விட்டார். நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். சோப்பைத் தொட்டதும் ஏதோ உறுத்தியது. டாக்டரம்மா சோப்பைப் பற்றி ஏதோ சொன்னாரே. கையைத் துடைத்துவிட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். என் கோணல் எழுத்தில் நானே எழுதி வைத்திருந்தேன்: கடி, கீறல் எது பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணியில் கால் மணி நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. உடனே சொல்லணும், அன்றைக்கே ஊசி. வெறிநோய் நாயால் மட்டும் வராது. வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். கோடு போடத் தெரிந்தவளுக்கு அதன்படி நடக்கத் தெரியவில்லை.

அவர் கூடாரத்துக்கு ஓடினேன். கையில் டப்பா இல்லாமல் ஆம்பிளைகள் இருக்கும் கூடாரத்துக்கு நான் போனதே இல்லை. வெளியில் நின்று, "ஏனுங்ணா, சித்தே வாங்க, கட்ட அவுக்கோணும்" என்றேன்.

"இப்பத்தான கட்டுன?"

"தப்பாக் கட்டிப்போட்டனுங்க."

கேனின் குழாயைத் திறந்துவிட்டு, கட்டை அவிழ்த்து, மஞ்சளைக் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எரிந்திருக்கும். "துணி தொவைக்கறயா புள்ள" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். நுரை போனதும் மறுபடி சோப்பு. ஐந்து நிமிசம் ஆனபோது, "போதும்" என்றார். எட்டு நிமிசத்தில், "உனக்குக் கெரகம் புடிச்சுப்போச்சு" என்றார். கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்ததும் மருந்துப்பெட்டியில் இருந்த பழுப்பு மருந்தைத் தடவி, கட்டுப் போடாமல் விட்டேன்.

பிறகு சொன்னேன். "பாய் வந்ததும் சொல்லிருவனுங்ணா."

அவர் கையை உதறிக்கொண்டார். "வாக்குக் குடுத்துப்போட்டு?"

"குடுத்தனுங்க. அதும் தப்புங்க."

"எங்கய்யன் கடிச்சா வெசமாகுமா? அமாவாசையும் அதுவுமா இப்படிப் பேசற. உன்னைய நம்பிக் கேட்டன் பாரு." அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. நான் பாய் முன்னால் போய் நின்றேன். வண்டியில் இருந்தபடியே கணக்குப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடினார். சொன்னேன்.

"எத்தன மணிக்கு?"

"எட்டரை இருக்குமுங்க."

"தோல் கிழிஞ்சுதா?"

"ரெண்டு பல்லு எறங்கியிருக்குதுங்க."

"கழுவுனதா?"

"மொதல்ல மஞ்சள் வெச்சுப்போட்டன் பாய். அப்பறம் கால் மணி நேரம் சோப்புப் போட்டங்க."

"நல்லது" என்றார். "சோறு நாந்தானுங்க வடிச்சேன்" என்று அழுதுவிட்டேன். "தெரியுது. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு முகாம் ஆபீசுக்கு நடந்தார்.

போனில் அவர் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நைரோபி ஆஸ்பத்திரியில் கேட்டது இரண்டு விசயம். தடுப்பூசி இருக்கிறதா, காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு ஊசி இருக்கிறதா. இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் இருக்காதாம். இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மத்தியான சின்ன விமானத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் இடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் மகனிடம் சொன்னார்.

செந்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பெரியவர் கட்டிலை விட்டு எழ மாட்டேன் என்றார். "நாயா கடிச்சுது? இத்துனூண்டு கொரங்கு. எங்க மருதமலைல பாக்காத கொரங்கா. இதுக்கு ஏரோப்பிளேனாம், ஊசியாம். ஊரு சிரிக்கும்."

பாய் கட்டிலுக்கு எதிரில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "சரிங்ணா" என்றார் முதலில். "அந்தக் கொரங்குக்கு நோய் இல்லாமயே இருக்கலாம். நான் இருக்குதுன்னு சொல்லல. ஆனா அதப் புடிச்சுப் பாக்க முடியாது. இருந்து, உங்களுக்கு வந்துருச்சுன்னா, அப்பறம் எந்த ஆஸ்பத்திரியாலும் ஒண்ணும் ஆகாது. வர்றதுக்கு முந்தி ஊசி போதும். உங்களுக்கு அப்பறம் அடுத்த ஆடிக்கு உங்கய்யனுக்கு ஆரு சோறு வெப்பாங்க? இந்தத் தம்பிக்கு அமாவாசை என்னைக்குன்னே தெரியலியே."

செந்தில் விக்கி விக்கி அழுதான். பெரியவர் அவனைப் பார்த்தார். "சட்டைய எடு" என்றார்.

விமானத்தில் ஏறும்போது நான் எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொடுத்தேன், அவர் சர்க்கரைக்கு. மகன்தான் வாங்கினான்.

அன்றைக்கே நைரோபியில் காயத்தைச் சுற்றி ஊசியும், தடுப்பூசியில் முதலாவதும் போட்டார்கள். மூன்றாம் நாள் ஊசியும் அங்கேயே ஆனது. மீதியை ஊருக்கு வந்து போட வேண்டும். நாங்கள் மற்ற பதினான்கு பேரோடு திரும்பி வந்தோம். ஏர்ப்போர்ட்டில் பாய் என்னை ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் செந்தில் ஆபீசுக்குப் போன் பண்ணினான். ஏழாம் நாள் ஊசி போட்டாச்சு, அதற்கு மேல் அப்பா மாட்டேன் என்கிறார் என்று. கையும் ஆறிவிட்டது. ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து கொரங்குக்கடி பார்த்துவிட்டுப் போகிறார்களாம். டீக்கடையில் ஒருத்தன், "மாமா, மரமேறத் தோணுதுங்களா" என்று கேட்டிருக்கிறான். ஆனால் அவர் ஊசி வேண்டாம் என்பதற்குக் காரணம் அது இல்லையாம். ஐயன் வந்து எடுத்துக்கொண்ட சோறு, அதை நோய் என்று சொல்லி ஊசி போட்டால் ஐயனுக்கு அவமரியாதையாம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். "உன்னைய நம்பிக் கேட்டன் பாரு" என்று அவர் கடைசியாகச் சொன்னது காதிலேயே இருந்தது. டூரில் வந்தவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவது வழக்கமில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிக் காரமடை போய், விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் பார்த்து, "ஒரு டீ வெய்யுங்க" என்று சத்தம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கோபம் வேறு, டீ வேறு.

வரப்பிலேயே உட்கார்ந்தோம், டீ வந்தது. அவர்தான் ஆரம்பித்தார். "வந்தது எங்கய்யன் இல்லைங்கறயா?"

நான் வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்கய்யனேதாங்ணா வந்திருப்பாரு. நானும் பாத்தனே, எவ்வளவு ஆசையாத் தின்னாருன்னு. ஆனா அவரு எரவல் வாங்கிட்டு வந்த வாயி கொரங்கோடதுங்க. அந்த வாயில என்ன இருந்துச்சோ. அது அவருக்கே தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "ஊமைக்கோட்டான்னு நெனச்சேன். எரவல் வாயாம்." டம்ளரை வைத்தார். "காக்கா பூராவும் இங்க கெடக்குது மயிலு. நாந்தான் அது இல்லாத ஊருக்குப் போய்க் கூப்பிட்டுட்டு நின்னேன். எந்தத் தேதி அந்த ஊசி?"

"நாளைக்குங்ணா."

"அப்ப நாளைக்குப் போறேன். நீ மறுபடி சோப்பத் தூக்கிட்டு வந்துராத."

மீதி ஊசி இரண்டையும் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன அந்த வார்த்தையை, காக்கா இங்கேதான் இருக்கிறது என்று சொன்னதை, நான் பாயிடம் அப்படியே சொன்னேன். அவர் "சரி" என்றார். அந்தத் தடவை அதற்குப் பிறகு இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வருசத்தில் இருந்து ஆபீசில் தேதி குறிப்பதற்கு முன்னால் காலண்டர் பார்ப்பார்கள். அமாவாசையைத் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு ஏற்பாடு. நம்ம ஊரில் பதினொன்றரை மணி என்றால் கென்யாவில் ஒன்பது. பீளமேட்டு ஆபீஸ் மொட்டைமாடியில் சோறு வைத்து, காக்கா எடுப்பதைப் போனில் நேராகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கே இருப்பவர்கள் சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் யாரென்று நான் முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் காக்கா எடுத்த பிறகு மாத்திரை போடலாமா என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லிவிடுவேன்.

முதல் தடவை அப்படிச் செய்த அன்று நான் மாராவில்தான் இருந்தேன். சாப்பாட்டுக் கூடாரத்தில் விரதக்காரர்கள் ஆறு பேரும் நானும் ஒரு சின்னப் போனைச் சுற்றி நின்றோம். கவிதா பிடித்துக் காட்டியது. சுவர் மேல் ஒரு வாழை இலை. காக்கா வந்து தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கூடாரத்தில் ஆறு பேரும் போனைப் பார்த்து "கா, கா" என்றார்கள். முகாம் ஆள் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்போது போனில் ஒரு கை மட்டும் தெரிந்தது. இலையைக் காக்காப் பக்கம் தள்ளி, சோற்றை இன்னொரு தடவை உருட்டி வைத்தது. வயசான கை, தோட்ட வேலை செய்த கை. காக்கா இறங்கி எடுத்தது.

"ஆருங்க அது, அவ்வளவு பக்குவமா வெக்கறது?" என்று ஒரு அம்மணி கேட்டார்.

காரமடையில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். தன் ஐயனுக்குப் பேரூரில் முடித்துவிட்டு, அந்த ஆறு பேருக்காக மாடிக்கு வந்து நின்றாராம்.

கவிதா, அந்தத் தாளில் இதை எங்கேயாவது சேர்த்துவிடு கண்ணு. காட்டில் சோறு வைக்கக் கூடாது என்று மட்டும் போட்டால் நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். எங்கே வைக்கலாம் என்பதையும் சேர்த்துப் போடு. இன்னொன்று, நான் எழுதியதில் ஊசி எத்தனை, எந்தெந்த நாள், மாத்திரை எத்தனை நாள் என்பதையெல்லாம் ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளோணும். என் நோட்டு பழசு, அதற்குப் பிறகு மாறியிருக்கும். மணி கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, எனக்கு அது எப்போதும் குழப்பம்.

போனில் தெரிந்தது அவர் கைதானா என்று மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்த தழும்பை நான் பார்த்தேன். அந்த இடத்தைக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தவள் நான்.